துரை வீட்டு வெள்ளை முட்டை

கார்மக் ஹெஃபர்னன் ஆறு மணிக்கு எழுந்தான். முகம் கழுவினான். சவரம் செய்தான். விடுதி அறையின் கணப்பில் கரிமண் கட்டி இரண்டை வைத்து ஊதினான். தகரக் குவளையில் தண்ணீர் ஊற்றி அதில் இரண்டு முட்டைகளைப் போட்டான். மனைவி நெஸ்ஸா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. முட்டை இன்னும் இரண்டுதான். நான்கு நிமிடம் கழித்து அவற்றை எடுத்தான். ஒன்றை உடைத்துப் பாதி தின்றான். மீதிப் பாதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கதவைத் தட்டாமல் மோஸி டூமி உள்ளே வந்தார். இருபது வருடம் கோர்ட் அமீனாவாக இருந்து, அந்த மாவட்டத்து நாய்கள் அத்தனைக்கும் தன் கெண்டைக்காலைப் பழக்கப்படுத்தியவர். இப்போது கார்க் நகரத்து வக்கீல் ஒருவருக்காகத் துப்பறியும் கார்மக்குக்கு உதவியாள்.

"ரெண்டாவது முட்டை யாருக்கு சார்?"

"உங்களுக்கு."

"தினமும் இதத்தான் சொல்றீங்க. ஒரு நாளாவது எனக்குன்னு நெனச்சுப் போட்டீங்களா?"

கார்மக் அதை அவர் பக்கம் தள்ளினான். மோஸி முட்டையை இரண்டே வாயில் முடித்தார்.

"நீங்க சாப்பிடற லட்சணத்தப் பார்த்தா இட்ட கோழியே வெக்கப்படும். போகட்டும், வெளிய டார்பி கின்னேன் நிக்கறாரு. தொப்பியக் கையில புடிச்சுப் பிழிஞ்சுகிட்டிருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா தண்ணி வரும்."

டார்பி உள்ளே வந்தார். நோக்பான் மேட்டில் இருக்கும் பதினோரு குத்தகைக் குடும்பங்களின் சார்பில் வந்தவர். கையில் வைக்கோல் பரப்பிய கூடை.

"வியாழக்கிழமை ஷெரீஃப் வர்றார் ஐயா. கூரையப் பிரிக்க ஆளும் ஏணியும் சொல்லியாச்சு. இன்னிக்கு செவ்வாய். ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரியல."

விஷயம் இதுதான். எண்பத்தொரு வருடங்களுக்கு முன் நோக்பான் மேட்டின் தாத்தாக்கள் அப்போதைய துரையிடம் மூன்று உயிர்க் குத்தகை எழுதி வாங்கினார்கள். பத்திரத்தில் மூன்று பேர் பெயர் இருக்கும். அந்த மூவரில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாலும் நிலம் குத்தகைக்காரனுக்கு. ஒரு உயிர் மிச்சம் இருக்கும்போதே பழைய பெயர்களுக்குப் பதில் புதுப்பெயர் எழுதிக்கொள்ளலாம். துரை மறுக்க முடியாது. மூன்றும் போய்விட்டால் நிலம் துரைக்கு.

தாத்தாக்கள் யோசித்துத்தான் பெயர் எழுதினார்கள். முதலில் ஒரு இளவரசர், நன்றாகச் சாப்பிடுகிறவர் என்று. அவர் நன்றாகச் சாப்பிட்டே செத்தார். இரண்டாவது, கின்னேன் வீட்டிலேயே திடமான குழந்தை. அது வளர்ந்து, உருளைக்கிழங்கு அழுகிய பஞ்சத்தில் போயிற்று. மூன்றாவது, கில்ஷானா பங்களாவில் அந்த வாரம்தான் பிறந்திருந்த துரையின் மகள் லெட்டிஷியா ஸ்கெல்டன். எந்தத் துரையும் சொந்த மகளைச் சாகவிடமாட்டான் என்று போட்ட கணக்கு அது. கணக்கு சரிதான். ஆனால் இப்போது துரையாக இருப்பவர் சர் ஹெர்குலிஸ், லெட்டிஷியாவின் அண்ணன் மகன். அத்தை விஷயத்தில் அவ்வளவு உத்தரவாதம் கிடையாது.

எண்பது வருடமாக அந்த அம்மாளை உயிரோடு வைத்திருந்தது பதினோரு வீடுகள்தான். கிறிஸ்துமஸுக்குக் கொழுத்த வாத்து. குளிருக்குக் கம்பளித் துணி. தினமும் ஒரு டஜன் முட்டை. ஞாயிறுதோறும் கோயிலில் பாதிரியார் அவர் பெயரைச் சொல்லி உடல்நலத்துக்கு ஜெபித்தார். ஒரு புராட்டஸ்டண்டு அம்மாளுக்காக இவ்வளவு கத்தோலிக்க மெழுகுவர்த்தி எரிந்த ஊர் அயர்லாந்தில் வேறு இருக்காது.

ஏழு வருடத்துக்கு முன் அவர் திடீரென்று கண்ணில் படவில்லை. நுரையீரல் சரியில்லை, சுவிட்சர்லாந்து போய்விட்டார் என்றது பங்களா. முட்டை மட்டும் வழக்கம்போல் வரட்டும் என்றது. ஏழு வருடம் கண்ணில் படாத உயிர் செத்த உயிர் என்கிறது சட்டம். இல்லை, இருக்கிறது என்றால் குத்தகைக்காரன்தான் கொண்டுவந்து காட்டவேண்டும்.

"இத்தனை வருஷமா ஏன் புதுப்பேர் எழுதல?" என்றான் கார்மக்.

"போனப்பல்லாம் துரை வீட்ல இல்லன்னுட்டாங்க ஐயா."

"யார் சொன்னா?"

"துரைதான். ஜன்னல்ல இருந்து."

மோஸி இருமினார். கார்மக்கின் பார்வை கூடையின் மேல் இருந்தது. வைக்கோலில் பதினொரு வெள்ளை முட்டைகள். ஓரமாக, தனியாக, ஒரு பழுப்பு முட்டை.

"அது ஏன் தனியா இருக்கு?"

"அதுவா? நேத்து பங்களாவுல இருந்து திரும்பி வந்தது. எங்க மேட்டுல வெள்ளை முட்டை போடற கோழிதான் வளக்கறது. என் மாமியார் மட்டும் கேக்காம ஒரு பழுப்பு முட்டைக் கோழி வெச்சிருக்கா. எப்பவாவது கலந்துடும். அத மட்டும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஏன்?"

"மிஸ் லெட்டிஷியாவுக்குப் பல்லு முளைச்ச நாள்ல இருந்து பழுப்பு முட்டை ஆகாது ஐயா. பார்த்தாலே கத்துவாங்க. அதனாலதானே எங்க தாத்தா காலத்துல கோழியையே மாத்தினோம்."

"அவங்க சுவிட்சர்லாந்து போயி ஏழு வருஷம் ஆச்சு."

"ஆமா."

"நேத்து முட்டைய யாரு திருப்பினா?"

டார்பி பழுப்பு முட்டையைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சர் ஹெர்குலிஸ் முட்டை சாப்பிடுவாரா?"

"ஈரல் கோளாறு ஐயா. டாக்டர் முட்டையத் தொடவே கூடாதுன்னுட்டார். ஊருக்கே தெரியும்." டார்பி தொப்பியைக் கீழே போட்டார். "தெய்வமே! ஏழு வருஷமா இந்த முட்டைய வாங்கி வாங்கிக் கூடையில போட்டிருக்கேனே! துரை வீட்டுக் கிறுக்குன்னு இருந்துட்டேன். அவங்க எதுக்கும் காரணம் சொல்லமாட்டாங்க, நாங்களும் கேக்கமாட்டோம்."

"உங்க மாமியார்கிட்ட பழுப்பு முட்டை எத்தனை இருக்கும்?"

"அவ எதையும் கையவிட்டு விடமாட்டா. ஒரு டஜன் பதுக்கி வெச்சிருப்பா."

"இன்னிக்கு பன்னிரண்டும் அதுவா போகட்டும்."

மோஸி எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். "இருபது வருஷம் கதவத் தட்டித் தட்டி ஆளைத் தேடினேன் சார். கோழிய விட்டுத் தேடலாம்னு ஒருத்தனும் சொல்லித் தரல."

*

ஒன்பதரை மணிக்கு இருவரும் கில்ஷானா பங்களாவின் வாசலில் நின்றார்கள். கல்லறைக்குச் சலவைக்கல் பலகை செய்து தரும் கம்பெனியின் ஆட்கள் என்று சொல்வதாக ஏற்பாடு.

"வேஷம் போடவே வேண்டாம் சார். கல்லறைக்கல் விக்கிற மூஞ்சி உங்களுக்கு இயல்பாவே வருது."

தள்ளாடிக்கொண்டு ஒரு வேலைக்காரர் கதவைத் திறந்தார். கூடத்தில் மழைநீர் ஒழுகும் இடங்களில் வெள்ளிக் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். தகர வாளி வைப்பது அந்தஸ்துக்குக் குறைவு. சுவரில் பன்னிரண்டு மூதாதையர். பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அதற்கு மேலே மூளை என்று எதையும் ஓவியர் காட்ட முயலவில்லை.

சர் ஹெர்குலிஸ் ஸ்கெல்டன் காலை உணவு மேசையில் இருந்தார். ஹெர்குலிஸ் என்ற பெயரைத் தூக்கவே திராணி இல்லாத சிறிய உடம்பு. முன்னால் ஆறிப்போன ஆட்டிறைச்சி, வாயில் சுருட்டு, பக்கத்தில் மடித்த செய்தித்தாள்.

"எங்க அத்தை செத்துட்டாங்கன்னு நான் ஒருநாளும் சொன்னதில்ல" என்றார். "வியாழக்கிழமை சட்டம் சொல்லும். சட்டத்த எதிர்த்துப் பேச நான் யாரு? நான் இந்தப் பகுதி மாஜிஸ்திரேட் வேற."

"பெருந்தன்மை" என்றார் மோஸி, நோட்டுப் புத்தகத்தைத் திறந்தபடி.

"பலகையில கடைசியாச் சொன்ன வார்த்தைகளைப் பொறிக்கறது வழக்கம்" என்றான் கார்மக். "அம்மா என்ன சொன்னாங்க?"

சர் ஹெர்குலிஸ் கூரையைப் பார்த்தார். ஒரு சொட்டு நீர் அவர் நெற்றியில் விழுந்தது. அதை அருள் என்றே எடுத்துக்கொண்டார்.

"எழுதிக்கோ. 'என் குத்தகைக்காரர்களை நேசிக்கிறேன். அவர்கள் அமைதியாகக் காலி செய்யட்டும்.'"

"எழுத்துக்கு ரெண்டு பென்னி சார். 'நேசிக்கிறேன்' எடுத்துட்டா கொஞ்சம் மிச்சமாகும்" என்றார் மோஸி.

"எடுத்துடு."

"சுவிட்சர்லாந்துல சொன்னது உங்க காதுல எப்படி சார் விழுந்துச்சு?"

"கடிதம் வந்தது."

"அடடா. கடிதம் எழுதினப்ப உயிரோட இருந்திருப்பாங்களே. அப்ப ஏழு வருஷம் கணக்கு வராதே சார்."

"வரல. கடிதம் வரல. எங்க குடும்பத்துல எல்லாரும் கடைசியில அப்படித்தான் சொல்லுவோம். பரம்பரை."

கார்மக்கின் கண் செய்தித்தாளில் இருந்தது. நேற்றைய தாள். மரண அறிவிப்புப் பத்தி மேலே தெரிய மடித்திருந்தது. பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் குறிகள். அறுபத்திரண்டு வயதில் இறந்த கர்னலுக்கு ஒரு குறி. எழுபது வயது அம்மாளுக்கு ஒரு குறி. எழுபத்தொன்பதுக்கு ஒரு குறி. தொண்ணூறு வயதில் இறந்தவரைக் குறுக்கே கோடு போட்டுக் கிழித்தே விட்டிருந்தார்கள். யாரையெல்லாம் தாண்டி வாழ்ந்தாயிற்று என்று யாரோ கணக்கு வைத்திருக்கிறார்கள். தாளின் ஓரத்தில் காய்ந்த மஞ்சள் கறை. முட்டையின் மஞ்சள்.

"நீங்க முட்டை சாப்பிடறதுண்டா சார்?"

"சீ. ஈரலுக்கு ஆகாது."

கூடத்துக் கடிகாரம் பத்து அடித்தது. மாடியில் ஒரு சிறு மணி ஒலித்தது.

சர் ஹெர்குலிஸ் சுருட்டைப் பூச்சாடிக்குள் போட்டார். இரண்டு கையாலும் புகையை விசிறினார். பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியாரைக் கண்டதுபோல் இருந்தது, ஐம்பத்தெட்டு வயதில்.

"எலி" என்றார்.

"எங்க ஊர் எலி இவ்வளவு முன்னேறல சார்" என்றார் மோஸி. "கத்தும், கடிக்கும். மணி அடிச்சு யாரையும் கூப்பிட்டதில்ல."

மணி மறுபடி அடித்தது. பிறகு நிற்கவே இல்லை. படிக்கட்டில் வேலைக்காரரின் காலடி மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. ஒரு குரல் கேட்டது. பிறகு டக், டக், டக் என்று ஏதோ ஒவ்வொரு படியாக இறங்கிற்று. கூடத்தைக் கடந்து உருண்டு, திறந்திருந்த கதவு வழியாக வந்து, கார்மக்கின் பூட்ஸில் மோதி நின்றது.

கெட்டியாக வெந்த பழுப்பு முட்டை.

கார்மக் குனிந்து அதை எடுத்தான். சூடாக இருந்தது.

அதன் பின்னாலேயே, மூன்று சால்வை போர்த்திய உயரமான கிழவி வாசலில் வந்து நின்றார். சுவரில் இருந்த அதே மூக்கு.

"ஹெர்குலிஸ்! யாருடா இந்த அநியாயம் பண்ணினது? ஒண்ணத் திருப்பி அனுப்பினா இன்னொண்ணு, மூணு தடவையும் பழுப்பு! அது என்ன, சுருட்டு நாத்தமா?"

சர் ஹெர்குலிஸ் எழுந்து நின்றார். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பார். நாற்காலியை இழுத்து, கைக்குட்டையால் தட்டி, அத்தை உட்காரும்வரை பிடித்துக்கொண்டும் நின்றார். பெண்கள் உள்ளே வந்தால் அப்படிச் செய்யவேண்டும் என்று நான்கு வயதில் பிரம்பால் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வேறு எதையும் அந்த வீட்டில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

"செத்தவங்களுக்கு நாற்காலி போடற வழக்கம் உங்க வர்க்கத்துல உண்டா சார்?" என்றார் மோஸி. "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

துரை தன் கையைப் பார்த்தார். கை நாற்காலியைப் பிடித்திருந்தது.

"யாரு செத்தது?" என்றார் மிஸ் லெட்டிஷியா.

"நீங்கதாம்மா. வியாழக்கிழமை."

கார்மக் நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். கிழவி கண் சிமிட்டாமல் கேட்டார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

"வெளிய கலகம் நடக்குது, ஜன்னல்ல தலைய நீட்டினா சுட்டுடுவாங்கன்னு ஏழு வருஷமா சொன்னியே?"

"ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான் அத்தை..."

"பேப்பர்ல கலகம் பத்தி ஒண்ணும் இல்லைங்களே அம்மா" என்றார் மோஸி.

"நான் மரண அறிவிப்பு மட்டும்தான் படிப்பேன். மத்ததெல்லாம் வதந்தி."

கொல்லைப்புறத்தில் காத்திருந்த டார்பியை மோஸி கூட்டிவந்தார். டார்பி வாசலிலேயே மண்டியிட்டுச் சிலுவை போட்டார். எழுந்ததும் கிழவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"பல்லு எப்படிம்மா இருக்கு? நெஞ்சுச் சளி? ராத்திரி தூக்கம் வருதா?"

"சந்தையில மாடு பாக்கற மாதிரி பாக்காதே. நீ யாரு?"

"கின்னேன் அம்மா. எண்பது வருஷமா உங்களுக்கு வாத்து அனுப்பற வீடு."

"ஓ." அவர் முகம் சற்று இளகியது. "நல்ல வாத்து. என் மேல அவ்வளவு பிரியமா?"

மோஸி டார்பியைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினார், ஆமாம் என்று சொல் என்பதுபோல். பதினோரு வீட்டுக் கூரையும் அந்த ஒரு பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கிழவி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டால், எவனும் மறுபடி அவரைக் கீழே இறக்க முடியாது.

டார்பி தொப்பியைப் பிசைந்தார்.

"நிலத்து மேல பிரியம் அம்மா" என்றார்.

மோஸி கண்ணை மூடிக்கொண்டார்.

மிஸ் லெட்டிஷியா சிரித்தார். துருப்பிடித்த கீல் திறப்பதுபோல் இருந்தது.

"இந்த வீட்ல ஒருத்தன் உண்மை பேசி நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். ஹெர்குலிஸ், பேனா எடுத்துட்டு வா. பத்திரத்துல மூணு புதுப்பேர் எழுதணும்."

"அத்தை, அது நம்ம நிலம்..."

"பேனா."

பேனா வந்தது. டார்பி சட்டைக்குள்ளிருந்து பத்திரத்தை எடுத்து மேசையில் விரித்தார். கிழவி முதல் பெயரைத் தானே எழுதினார். சர் ஹெர்குலிஸ் ஸ்கெல்டன்.

"என் பேரா?"

"ஆமா. பிறந்த நாள்ல இருந்து நீ ஒரு வேலையும் செஞ்சதில்ல. துளிகூடத் தேயாம இருக்கே. நூறு வயசு வருவே."

இரண்டாவது, டார்பியின் மூன்று மாதப் பேத்தி கோப்னெட். மூன்றாவது பெயருக்கு வந்ததும் கிழவி அறையைச் சுற்றிப் பார்த்தார். மோஸி முன்னால் வந்தார்.

"என்னைப் பாக்காதீங்கம்மா. நாய்க்கடி விஷமே அரைப்படி உள்ள இருக்கு."

கிழவி கார்மக்கைப் பார்த்தார். அவன் கையில் முட்டை அப்படியே இருந்தது.

"வயசு?"

"முப்பத்தொண்ணு."

"பொண்டாட்டி?"

"இல்ல."

"இருந்தாளா?"

"இருந்தா."

"எப்ப?"

"பதினாலு மாசம்."

"ஒழுங்கா சாப்பிடறியா?"

"பாதி முட்டை" என்றார் மோஸி. "நல்ல நாள்ல."

"இவன் பேரை எழுதறேன்."

டார்பி பதறிப்போனார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. ஐயா நல்லவர்தான். ஆனா பார்த்தா ரொம்ப நாள் தாங்கற ஆளாத் தெரியலையே."

"தாங்க வைங்க. என்னை வெச்சீங்கல்ல?"

கார்மக் தன் பெயர் எழுதப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மாஜிஸ்திரேட்டின் சாட்சிக் கையெழுத்து வேண்டும். அந்தப் பகுதிக்கு மாஜிஸ்திரேட் சர் ஹெர்குலிஸ். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கையில் வாங்காத காகிதம் கொடுத்த காகிதம் ஆகாது என்பது அவருக்குத் தெரியும். மோஸிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இருபது வருடம் அப்படிப்பட்ட கைகளைத்தான் துரத்தினார்.

"ஹெர்குலிஸ், இதைப் பிடி" என்று அத்தை நீட்டினார்.

பிடித்துவிட்டார். அடுத்து அத்தை பேனாவை நீட்டினார், அதையும் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பெரியவர்கள், அதிலும் பெண்கள், நீட்டினால் வாங்கவேண்டும். நான்கு வயதுப் பிரம்பு.

*

மறுநாள் விடிவதற்குள் மிஸ் லெட்டிஷியா தூக்கத்தில் போய்விட்டார். வியாழக்கிழமை ஷெரீஃப் ஏணியோடு வந்தபோது மேட்டில் பதினோரு வீட்டிலும் புகை வந்துகொண்டிருந்தது. கிழவி உயிரோடிருந்த செவ்வாய்க்கிழமைத் தேதியோடு துரையே கையெழுத்திட்ட பத்திரத்தைப் படித்துவிட்டு, அவர் ஏணியோடு திரும்பினார்.

அதற்குப்பின் ஞாயிறுதோறும் கில்ஷானா கோயிலில் சர் ஹெர்குலிஸின் ஈரலுக்காக ஜெபம் நடக்கிறது. இருட்டில் அவர் வண்டி போனால் நோக்பான் ஆட்கள் இரண்டு பேர் விளக்கோடு துணைக்கு நடக்கிறார்கள். குத்தகைக்காரர்களே காவல் காக்கும் துரை அந்த மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கு அது அவமானமாக இருக்கிறது. ஆனால் வாத்து நன்றாக இருக்கிறது. கார்க் நகரத்தில் கார்மக்கின் அறைக்கும் வாரம் ஒரு கூடை வருகிறது. கொண்டுவருகிற ஆள், அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை போவதில்லை.

தேவாலயச் சுவரில் சலவைக்கல் பலகை வைத்தாயிற்று. அத்தை எல்லோரையும் மன்னித்து, வானத்தைப் பார்த்து, பன்னிரண்டு வரி பேசியதாக அதில் இருக்கிறது. துரை எழுதிக் கொடுத்தது. உண்மை வேறு. செவ்வாய்க்கிழமை மேசையைவிட்டு எழுந்த கிழவி, வெள்ளை முட்டை வரும்வரை யாரோடும் பேசமாட்டேன் என்பதுபோல் உதட்டை இறுக்கிக்கொண்டு மாடி ஏறினார். அதற்குப்பின் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே அவர் கடைசியாகச் சொன்னது, ஏறுவதற்கு முன், கார்மக்கின் கையில் ஆறிக்கொண்டிருந்த பழுப்பு முட்டையைக் கைத்தடியால் காட்டிச் சொன்னதுதான்.

"முழுசாத் தின்னு. பதினோரு வீடு உன்னை நம்பி இருக்கு."